மெக்கின்டாஷைக் கொன்ற சட்டம்

1825 ஏப்ரல் 30, விடியற்காலை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சட்டஹூச்சி ஆற்றோரம், கிரீக் பழங்குடித் தலைவர் வில்லியம் மெக்கின்டாஷின் வீட்டை இன்னொரு கிரீக் தலைவரான மெனாவாவின் ஆட்கள் சூழ்ந்து தீ வைத்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் வெளியே போகவிட்டார்கள். மெக்கின்டாஷைச் சுட்டுக் கொன்றார்கள்.

கொலையா, தண்டனையா என்று என்னைக் கேட்டால், தண்டனை என்றே சொல்வேன். பேரவையின் சம்மதமில்லாமல் நிலத்தை விற்றால் மரணம். இது கிரீக் மக்களின் சட்டம். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் மெக்கின்டாஷ் இன்னும் சில தலைவர்களோடு இந்தியன் ஸ்பிரிங்ஸில் கையெழுத்துப் போட்டு, கிரீக் மக்களின் ஜார்ஜியா நிலத்தையெல்லாம் அமெரிக்க அரசுக்கு விற்றிருந்தார். ஜார்ஜியா ஆளுநர் ட்ரூப் அவருக்கு உறவினர் வேறு!

அப்பா ஸ்காட்லாந்துக்காரர் என்பதால் மெக்கின்டாஷை வெளியாள் என்று எண்ணிவிடாதீர்கள். கிரீக் மக்களுக்குக் குலம் தாய்வழியில்தான் வரும். அம்மா காற்றுக் குலம். மகனும் காற்றுக் குலம்தான். மெனாவாவுக்குப் பழைய கணக்கும் இருந்தது. 1814இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் அவர் அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சனை எதிர்த்துப் போரிட்டு, உடல் முழுக்கக் காயங்களோடு தப்பியவர். மெக்கின்டாஷ் அன்று ஜாக்சன் பக்கம் நின்றவர்.

மெக்கின்டாஷ் இறந்த பிறகு ஒபோத்லேயஹோலாவும் மற்றக் கிரீக் தலைவர்களும் வாஷிங்டன் போய் வாதாடினார்கள். 1826இல் பழைய ஒப்பந்தம் ரத்தானது. ஆனால் புதியதிலும் ஜார்ஜியா நிலத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போனது.

என்னைக் கேட்டால் உண்மையான அடி 1832இல் விழுந்தது. அந்த ஆண்டு அமெரிக்க அரசோடு போட்ட ஒப்பந்தம் அலபாமாவில் மிஞ்சிய நிலத்தைத் துண்டு போட்டது: 90 தலைவர்களுக்குத் தலா 640 ஏக்கர், குடும்பத் தலைவர்களுக்குத் தலா 320 ஏக்கர். விற்கலாம், விற்காமலும் இருக்கலாம் என்று தாளில் எழுதியிருந்தது. ஊரும் பேரவையும் காத்துவந்த நிலத்துக்கு இப்போது குடும்பத்துக்கு ஒரு விற்பனையாளர். மெனாவா எந்தச் சட்டத்தைக் கொண்டு எத்தனை பேரைத் தண்டிப்பார்?

நில வியாபாரிகள் கடனும் சாராயமும் கொடுத்து எழுதி வாங்கினார்கள். அதற்கும் மசியாதவர்களுக்கு ஆள்மாறாட்டம். யாரோ ஒரு கிரீக் ஆளுக்குச் சில்லறை கொடுத்து, அரசு அதிகாரியின் முன் நிறுத்தி, இன்னொருவர் பெயரைச் சொல்ல வைப்பார்கள். பத்திரம் முடிந்துவிடும். உண்மையான சொந்தக்காரர் வயலில் சோளம் விதைத்துக்கொண்டிருப்பார். நிலம் போன சேதியே அவருக்குத் தெரியாது.

மோசடி பற்றிய விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 1836இல் கிரீக் மக்களுக்கும் வெள்ளையர்களுக்கும் சண்டை மூண்டது. அமெரிக்கப் படை வந்தது, விசாரணை நின்றது. சில நூறு கிரீக் ஆண்களைச் சங்கிலியில் பிணைத்து மாண்ட்கமரிக்கு நடத்திப் போனார்கள். அங்கிருந்து படகில், மேற்கே.