டர்னர் கோடு ஏன் அவ்வளவு முரடு?

வணக்கம் மக்களே! இன்னைக்கு டேபிள்ல ஆசிட் ட்ரே இல்ல, கையுறையும் இல்ல. ஒரு படத்தைப் பத்திப் பேசியே ஆகணும். இங்கிலாந்து ஓவியர் டர்னரோட 'லிபர் ஸ்டூடியோரம்'ங்கிற அச்சுப்பட வரிசையில ஒரு தகடோட வெறும் எச்சிங் நிலையை, அதாவது ஆசிட்டால அரிச்ச கோடு மட்டும் இருக்கிற நிலையை, போட்டு, "இவருக்குக் கோடே வரலையே"ன்னு எழுதி சுத்தவிட்டுட்டு இருக்காங்க. எனக்குத் தாங்கல. கம்பி கட்டின நிலையில ஒரு வீட்டைப் பார்த்துட்டு, வீடு அசிங்கம்னு சொல்ற மாதிரி இருக்கு அது.

அது பாதி வேலைங்க. 1807-லேர்ந்து 1819 வரைக்கும் 14 பகுதியா 71 படம் வெளிவந்துச்சு, எல்லாமே பழுப்பு மையில. திட்டம் என்னவோ 100. பெரும்பாலும் செம்புத் தகட்டுல வெளிக்கோட்டை டர்னர் எச்சிங் பண்ணுவாரு. அதுக்கு மேல இன்னொருத்தர் மெஸ்ஸோடின்ட், அதாவது நிழலும் வெளிச்சமும் கொண்டு வர்ற வேலை, செய்வாரு. ராக்கர்னு வளைஞ்ச பல்லு வச்ச உளி. அதைத் தகட்டு மேல எல்லாத் திசையிலயும் ஆட்டி ஆட்டிச் சொரசொரப்பாக்கணும். அப்படியே மை பூசி எடுத்தா முழு இருட்டு. அந்த இருட்டைச் சுரண்டித் தேய்ச்சுத்தான் பனி, தண்ணி, வானம் எல்லாம் வெளிய வரும்.

இப்பப் புரியுதா? கல்லும் வளைவும் கோட்டுல நிக்குது, காத்தும் வெளிச்சமும் மெஸ்ஸோடின்ட்டுல வருது. ராக்கரும் சுரண்டியும் மேல ஏறி எறங்கினதுக்கப்புறமும் கோடு உயிரோட இருக்கணும். மெல்லிசா போட்டா காணாமப் போயிடும். அதனாலதான் அந்த முரட்டுக் கோடு!

நாம இதே மாதிரி, பின்னால மலை இருக்கிற ஒரு இடிஞ்ச மடத்தைச் செய்யும்போது: 1 மி.மீ. செம்பு, அதை அரிக்க ஃபெரிக் குளோரைடு. தூர மலைக்கோடு 20 நிமிஷம், வெளிய எடுத்துக் கழுவி அந்த இடத்தை வார்னிஷ் வச்சு மூடிடுங்க. சுவருக்கு மொத்தம் 45. முன்னாடி கிடக்கிற கல்லு, வேர் எல்லாம் 90 வரைக்கும் போகலாம். வெயில் காலத்துல வேகமா அரிக்கும், அதனால முதல்ல ஒரு துண்டுத் தகட்டுல பார்த்துக்கோங்க. தகட்டைக் கவுத்துப் போடுங்க, மல்லாக்கப் போட்டா கசடு கோட்டுக்குள்ள உக்காந்து அரிப்பு நின்னுடும். எல்லாத்தையும் ஒரே நேரம் அரிச்சீங்கன்னா இடிஞ்ச மடம் பின்னால இருக்கிற மலையோட ஒட்டிக்கும்.

ஆங், விட்டுட்டேன். டிரேஸ் பண்ணும்போதே படத்தைத் திருப்பிப் போட்டுக்கோங்க, அச்சுல இடம் வலம் மாறிடும்.

அப்புறம் சுவர்ல ஏறின கொடி. இலை இலையா சுத்திக் கோடு போட்டா, மெஸ்ஸோடின்ட்டுக்கப்புறம் தகரத்துல வெட்டி ஒட்டின மாதிரி நிக்கும். எனக்கு அது சுத்தமாப் பிடிக்காது. இலைக்கொத்தோட நிழல் பக்கம் மட்டும் கீழ்க்கோடு போடுங்க. வெளிச்சம் படுற நுனியைக் கடைசில பர்னிஷரால, அதான் தேய்ச்சு வழவழப்பாக்குற கருவியால, ஒரு தொடு தொட்டா போதும்.

இப்ப ஒரு காசு விஷயம். முதல் 20 தகட்டோட மெஸ்ஸோடின்ட்டும் சார்லஸ் டர்னர்ங்கிறவர் கை வேலை. ஓவியருக்குச் சொந்தக்காரர் இல்ல, பேரு மட்டும்தான் ஒண்ணு. தகட்டுக்கு 8 கினி பேச்சு, அவர் 10 கேட்டாரு. கினிங்கிறது பழைய இங்கிலாந்துக் காசு, ஒண்ணு 21 ஷில்லிங், அப்ப வித்தியாசம் 42 ஷில்லிங். அதுக்கு ரெண்டு பேரும் முறிச்சுக்கிட்டாங்க! ஒரு தகடு முழுக்க ராக்கர் ஆட்டினவங்களைக் கேளுங்க, மணிக்கட்டு என்ன பாடுபடும்னு. அங்குலத்துக்கு 85 பல்லு, குறைஞ்சது 20 திசை. அந்த 2 கினி நியாயமான கூலின்னுதான் நான் சொல்வேன். என்னை யாரும் மாத்த முடியாது.

அதுக்கப்புறம் வேற வேற ஆளுங்க வந்தாங்க, சில தகட்டை ஓவியர் டர்னரே முழுசா முடிச்சாரு. 1812-ல வந்த கிர்க்ஸ்டால் மடம் படம் அப்படித்தான். கூரை தாங்கின தூணுங்களுக்கு நடுவுல மாடுங்க படுத்திருக்கும். தூணோட விளிம்பைப் பெரிசு பண்ணிப் பாருங்க. வெளிச்சப் பக்கம் கோடு தனியாத் தெரியும், இருட்டுப் பக்கம் அதே கோடு நிழலுக்குள்ள மறைஞ்சிடும்.

பார்க்கிறதுன்னா ஆரம்ப அச்சையே தேடிப் பாருங்க. அச்சு எடுக்க எடுக்க செம்புல அந்தச் சொரசொரப்பு சீக்கிரம் தேயும், அப்புறம் இருட்டெல்லாம் வெளுத்துடும். அதனால ஓவியர் டர்னரே தகட்டைத் திரும்பத் திரும்பத் திருத்திட்டு இருந்தாரு.

அடுத்த வீடியோ ராக்கர் தீட்டுறது. பல்லு வெட்டின பக்கத்தைக் கல்லுல வச்சிடாதீங்க, சரிவா இருக்கிற பின்பக்கம் மட்டும்தான்.