கதவைத் திரும்ப மாட்டிய படை

[காட்சி: சீனக் கிராமத்து வீடு. கழற்றிக் கிடத்திய மரக்கதவு, மேலே வைக்கோல்.]

இந்தக் கதவைப் பாருங்கள். வழியில் தங்கும் சிப்பாய்கள் இதைக் கழற்றி, வைக்கோல் பரப்பிப் படுப்பார்கள். விடிந்ததும் போட்டது போட்டபடி போய்விடுவார்கள். 1928-ல் மாவோ தன் சிறு படைக்கு வகுத்த விதிகளில் இரண்டு: படுத்த கதவைத் திரும்ப மாட்டு, வைக்கோலைத் திரும்பக் கட்டி வை.

சின்ன விஷயம்தான். ஆனால் சிப்பாய் என்றாலே தானியத்தையும் ஆளையும் பிடித்துப்போகிறவன் என்று அஞ்சி ஓடிய சனங்களுக்கு அது சின்னதல்ல.

சரி, மாவோவின் கம்யூனிஸ்ட் கட்சி ஏன் கிராமத்துக்கு வந்தது? 1921-ல் ஷாங்காயில் தொடங்கியபோது அது நம்பியது ஆலைத் தொழிலாளர்களை. 1927 ஏப்ரலில் தேசியவாதக் கட்சியின் படைத் தலைவர் சியாங் கை ஷேக் அங்கே கம்யூனிஸ்டுகளைக் கொன்று குவித்தார். அந்த ஆண்டே மாவோ, எஞ்சிய ஆட்களோடு ஜிங்காங் மலை ஏறினார்.

[காட்சி: களத்துமேடு. நெல் குவியல் இரண்டாகப் பிரிகிறது.]

குடியானவருக்கு மார்க்ஸ் தெரியாது, குத்தகை தெரியும். பல ஊர்களில் விளைச்சலில் பாதி பண்ணையாருக்கு, மிச்சத்தில் கடனுக்கு வட்டி. ஜப்பானோடு போர் நடந்த காலத்தில் கட்சி நிலத்தைப் பறிக்கவில்லை, குத்தகையில் கால் பங்கைக் குறைக்க வைத்தது. தன் தலைமையிடமான யெனான் வட்டாரத்தில் தேர்தலும் நடத்தியது. எழுதத் தெரியாதவர்கள் வேட்பாளரின் பின்னால் இருந்த கிண்ணத்தில் பயறு போட்டு வாக்களித்தார்கள்.

அப்புறம் 1946-ல் நிலப் பங்கீடு. என்னைக் கேட்டால், புரட்சி வேர்பிடித்த இடம் இதுதான். ஊர்க் கூட்டத்தில் பண்ணையாரை நிறுத்தி, அவர் முகத்துக்கு நேரே குத்தகைக்காரர் தன் கதையைச் சொல்ல வேண்டும். இதற்கு 'சூகூ' என்று பெயர், கசப்பைச் சொல்வது. தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நின்றவர் வாய் திறந்ததும் ஊரே அழுதது. பல ஊர்களில் பண்ணையாரை அடித்தே கொன்றார்கள். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

அதற்குமேல் பின்வாங்க வழியில்லை. சியாங்கின் படை திரும்பினால் பண்ணையார் குடும்பமும் திரும்பும். நிலம் போகும், உயிரும் போகும். அதனால்தான் 1948-ல், சியாங்குக்கு எதிரான உள்நாட்டுப் போரில், ஹுவாய்ஹாய் சண்டை மூண்டதும் லட்சக்கணக்கான விவசாயிகள் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் தானியம் ஏற்றிப் படைக்குப் பின்னால் நடந்தார்கள். மறு ஆண்டு அக்டோபர் 1-ல் மக்கள் சீனம் பிறந்தது.

[காட்சி: ஊர் நடுவே புகையும் மண் உலை.]

கிடைத்த நிலம் பத்தாண்டுகூடக் கையில் நிற்கவில்லை. கூட்டுப்பண்ணை எடுத்துக்கொண்டது. 1958-ல் இரும்பு உருக்க ஊர்தோறும் உலை வைத்தார்கள். வீட்டுச் சட்டிகள் உள்ளே போயின. விறகு தீர்ந்த ஊர்களில் கதவுகளும் போயின. அடுத்து வந்த பஞ்சத்தில் அதே கிராமங்களில் கோடிக்கணக்கானோர் செத்தார்கள்.