ஆதாரமே இல்லாம நாலு பேரை மாட்டிவிட்ட லிங்கன்! ஒரு நீள் உருவகத்தைப் பிரிச்சு மேய்வோம்

[திரை: நாலு உருவப்படங்கள், பெயர் இல்லாமல்]

ஒரு செனட்டர், ஒரு முன்னாள் அதிபர், ஒரு தலைமை நீதிபதி, பதவியில இருக்கிற அதிபர். நாலு பேரும் கூட்டுச் சதி பண்ணாங்கன்னு மேடையில சொல்லணும். கடிதம் கிடையாது, சாட்சி கிடையாது. என்ன பண்ணுவீங்க?

ஆபிரகாம் லிங்கன் மரவேலை பத்திப் பேசினார்.

1858 ஜூன் 16, இல்லினாய் மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்ட். "தனக்குள்ளேயே பிளவுபட்ட வீடு நிலைக்காது"ன்னு பைபிள் வரியைச் சொன்ன அதே பேச்சு. எல்லாரும் அந்த வரியைத்தான் மேற்கோள் காட்டுவாங்க. என்னைக் கேட்டா, சரக்கு அதுல இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரே ஒரு நீண்ட வாக்கியம் வரும். அதைத்தான் இன்னைக்குப் பிரிச்சு மேயப் போறோம்.

வரலாற்றை ஓட்டிடறேன், பொறுத்துக்குங்க. 1854-ல கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம்: புதுப் பிரதேசங்கள்ல அடிமை முறை வேணுமா வேண்டாமான்னு அங்க குடியேறினவங்களே முடிவு பண்ணலாம். கொண்டுவந்தவர் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ், கையெழுத்துப் போட்டவர் அதிபர் ஃபிராங்க்ளின் பியர்ஸ். 1857 மார்ச் 6-ல, ட்ரெட் ஸ்காட்ங்கிற அடிமை விடுதலை கேட்டுப் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றத்தோட ட்ரெட் ஸ்காட் தீர்ப்பு: அந்தப் பிரதேசங்கள்ல அடிமை முறையைத் தடை பண்ண நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் இல்ல. எழுதினவர் தலைமை நீதிபதி ரோஜர் டானி. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் ஜேம்ஸ் புக்கானன் அதிபரா பதவியேத்து, "வரப்போற தீர்ப்பு எதுவானாலும் எல்லாரும் ஏத்துக்கணும்"கிற மாதிரி பேசியிருந்தார். அவ்வளவுதான் வரலாறு!

[திரை: மரச்சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன]

இப்ப லிங்கன் சொன்னதோட சாரம். வேற வேற நேரத்துல, வேற வேற இடத்துல, வேற வேற ஆட்கள் செதுக்கின மரத்துண்டுகள். "ஸ்டீபன், ஃபிராங்க்ளின், ரோஜர், ஜேம்ஸ்னு வச்சுக்குங்களேன்." அதையெல்லாம் ஒண்ணாச் சேர்த்தா அச்சா ஒரு வீட்டோட கூடு வருது. ஒவ்வொரு முனையும் அதுக்கான துளையில கச்சிதமா உட்காருது. ஒரு துண்டு கூடலை, ஒரு துண்டு குறையலை. அப்படிக் குறைஞ்சாலும், அது வந்து உட்காரவேண்டிய இடம் தயாரா இருக்கு. அப்ப இவங்க முன்னாடியே ஒரு வரைபடம் போட்டு வேலை பார்த்தாங்கன்னு நம்பாம இருக்க முடியுமா?

பேப்பர் எடுங்க, மேலிருந்து கீழா மூணு பத்தி (column) வச்சு ஒரு அட்டவணை போடுங்க. முதல் பத்தியில உருவகத்தில வர்ற பொருள். ரெண்டாவதுல அது குறிக்கிற நிஜம். மூணாவதுல அங்க யார் என்ன செய்யறாங்கங்கிற வினைச்சொல். பெயர்ச்சொல்லை மட்டும் எழுதிட்டு மூணாவது பத்தியை விட்டுட்டா ஆய்வு படுத்துடும், ஏன்னா குற்றச்சாட்டு முழுக்க வினைச்சொல்லுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு. "செதுக்கினாங்க", "சேர்ந்தது", "பொருந்துது". சட்டம் போடறதும் தீர்ப்புச் சொல்றதும் பொது வேலை. செதுக்கறதுக்கு அளவு முன்கூட்டியே தெரியணும்!

அடுத்து, பெயர்கள். முதல் பெயர் மட்டும் ஏன்? அதிபர், நீதிபதிங்கிற பட்டம் கழண்டு விழுந்துடுது. நாலு பேரும் சட்டுனு கூலிக்கு வந்த தச்சர்கள்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். துண்டுகளை அடுக்கும்போது "சாரம்கூட விட்டுப்போகலை"ன்னு ஒரு வார்த்தை போடறார், கட்டடத்துக்குக் கட்டற அதே சாரம். அட்டவணையில இதுக்கு நேரா என்ன எழுதுவீங்க? பேச்சோட அந்தப் பகுதியை மட்டும் படிச்சா பதில் கிடைக்காது. கொஞ்சம் முன்னாடி போகணும். "மக்களே முடிவு பண்ணட்டும்"கிற டக்ளஸ் கொள்கை, ட்ரெட் ஸ்காட் தீர்ப்பு வந்ததும் தற்காலிகச் சாரம் மாதிரி சரிஞ்சு விழுந்ததுன்னு ஏற்கெனவே சொல்லியிருக்கார். விதையை அங்க போட்டு, அறுவடையை இங்க பண்றார். அதனால உருவகம் வர்ற பகுதியை மட்டும் வெட்டி எடுத்து ஆராயாதீங்க. பேச்சு முழுக்கத் தேடுங்க.

அப்புறம் அந்தக் காலி இடம். இன்னும் வராத துண்டு எதுன்னு லிங்கனே சொல்லிடறார்: மாநிலங்களும் அடிமை முறையைத் தடுக்க முடியாதுங்கிற அடுத்த தீர்ப்பு. மிசௌரி விடுதலை மாநிலமாகப் போகுதுன்னு கனவு கண்டுக்கிட்டே தூங்குவோம். எழுந்து பார்த்தா இல்லினாயே அடிமை மாநிலமா இருக்கும்னு பயமுறுத்தறார். கூட்டத்துக்கு அது சொந்த ஊர். நடந்ததைச் சொல்ற உருவகம் இப்ப ஜோசியம் சொல்லுது.

இங்கதான் நம்ம தமிழ் வகுப்பு கைகொடுக்குது. ஏகதேச உருவக அணி ஞாபகம் இருக்கா? ஒண்ணை உருவகமாக்கிட்டு, அதோட தொடர்புள்ள இன்னொண்ணைச் சொல்லாம விடறது. "பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்." செயலை உரைகல்லாக்கின வள்ளுவர், பொன்னைச் சொல்லவே இல்ல. நாமதான் நிரப்பிக்கறோம். லிங்கனோட வாக்கியத்துல தச்சர் இருக்காங்க, வரைபடம் இருக்கு. வீட்டுக்குச் சொந்தக்காரர்? அந்த வரிசை காலி. மார்க் வாங்கித் தந்த அணி, இங்க மறைமுகக் குற்றச்சாட்டு ஆயிடுச்சு!

சரி, ஓட்டை எங்க? மரவேலை தொடங்கறதுக்கு முந்தின வாக்கியத்துலயே "இது திட்டமிட்டுச் செஞ்சதுதான்னு உறுதியாத் தெரியாது"ன்னு ஒப்புக்கறார். ஆதாரம் இருக்கவேண்டிய இடத்துல உருவகம் உட்கார்ந்திருக்கு. தவிர, அப்ப டக்ளஸும் புக்கானனும் கான்சஸுக்காக எழுதின, அடிமை முறையை அனுமதிச்ச லெகாம்ப்டன் அரசியல் சாசனத்துக்காகப் பகிரங்கமா அடிச்சுக்கிட்டிருந்தாங்க. ஸ்டீபன் துண்டும் ஜேம்ஸ் துண்டும் பொருந்தவே இல்ல! அதனால அதே பேச்சுல அந்தச் சண்டையை லிங்கன் சின்னத் தகராறாச் சுருக்க வேண்டியதாப் போச்சு. எந்த உருவகத்தையும் இப்படித்தான் சோதிக்கணும்: அது மறைக்கிற நிஜம் எதுன்னு தேடி, நாலாவது பத்தியா எழுதுங்க.

இன்னொரு உதாரணம்: மார்ட்டின் லூதர் கிங், 1963 ஆகஸ்ட் 28. எல்லாருக்கும் "எனக்கொரு கனவு"ங்கிற வரி ஞாபகம் இருக்கு; அதுக்கு முன்னாடி ஒரு வங்கியே வருது. அரசியல் சாசனம் ஒரு புரோநோட்டு, கறுப்பின மக்களுக்குக் கிடைச்சது "பணம் இல்லை"ன்னு திரும்பி வந்த செக். வக்கீல் கண்ணோட பார்த்தா புரோநோட்டும் செக்கும் வேற வேற, நடுவுல மாத்திட்டார், யாரும் கவலைப்படலை. கவனிக்க வேண்டியது முடிவு: நீதியின் வங்கி திவால் ஆகலைன்னு சொல்றார். அப்ப வங்கியை உடைக்க வேண்டாம், பணத்தைக் கேட்டு வாங்கணும். அகிம்சையை உருவகமே வாதாடுது.

எதிராளி திருப்பி அடிச்ச கதை வேணுமா? 1940 டிசம்பர் 17, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், பத்திரிகையாளர் சந்திப்பு. பக்கத்து வீடு தீப்பிடிச்சா, "என் தோட்டத்துக் குழாய் 15 டாலர், காசை வை"ன்னா கேட்பேன்? தீ அணைஞ்சதும் குழாய் திரும்பி வந்தாப் போதும். பிரிட்டனுக்கு ஆயுதம் கடன் கொடுக்கறதுக்கான வாதம் இது. செனட்டர் ராபர்ட் டாஃப்ட் அட்டவணையில ஒரே ஒரு கட்டத்தை மாத்தினார்: போர்க் கருவியைக் கடன் கொடுக்கறது சூயிங்கம் கடன் கொடுக்கற மாதிரி, திரும்ப வாங்க யாருக்கும் மனசு வராது. இருந்தும் 1941 மார்ச்சில மசோதா நிறைவேறிடுச்சு. நகைச்சுவைக்கு மட்டும் என் ஓட்டு டாஃப்டுக்கு.

உங்களுக்கு வீட்டுப்பாடம்: 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவு, நேரு. "உலகம் உறங்கும்போது இந்தியா விழித்தெழும்." அப்ப நியூயார்க்ல பட்டப்பகல்! இது உருவகத்துல ஓட்டையா, இல்ல தூக்கத்துக்கு எதிர்ல வேற ஏதாவது எழுதணுமா? நாலு பத்தியும் போட்டுக் கமெண்ட்ல எழுதுங்க. சப்ஸ்க்ரைப் பண்ணாதவங்களும் எழுதலாம், கோவிச்சுக்க மாட்டேன்.