எந்தக் கோயில் என்று கேட்கும் இரத்தம்

(காரைக்குடியில் நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியது. சில இடங்களைச் சுருக்கி எழுதியிருக்கிறேன்.)

பெரியவர்களே, ஆச்சிமார்களே, கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

பன்றியின் சிறுநீரகத்தை மனிதருக்கு வைப்பது பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "வெள்ளிக்கிழமையும் அதுவுமா இந்தப் பேச்சுதான் கிடைத்ததா?" என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். அவருக்குக் கண்ணப்பரைத்தான் பதிலாகச் சொன்னேன். காளத்தி மலையில் திண்ணனார் சாமிக்குப் படைத்தது என்ன? வேட்டையாடிச் சுட்டு, வாயில் போட்டுப் பதம் பார்த்த பன்றி இறைச்சி. அதே மனிதர்தான், சாமியின் கண்ணில் இரத்தம் வழிந்ததும் "ஊனுக்கு ஊன்" என்ற பழஞ்சொல் நினைவுக்கு வந்து தன் கண்ணைப் பெயர்த்து அப்பினார். பன்றியும் உறுப்பு மாற்றமும் ஒரே கதைக்குள் நம்மிடம் எப்போதோ வந்துவிட்டன. பெரியவர் சிரித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் ஆச்சியிலிருந்து தொடங்குகிறேன். வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீடுகளில் அக்காவை ஆச்சி என்போம். தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்டவர். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் மூன்று நாள் விடிகாலை பஸ் பிடித்து மதுரைக்கு டயாலிசிஸ் போவார். ஊசி குத்துவதற்காக இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் கிர்ரென்று அதிரும். காலையில் அரை லிட்டர் பாட்டில் ஒன்றை நிரப்பி வைப்பார். காபி, ரசம், மாத்திரைக்குத் தண்ணீர் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். சித்திரை வெயிலில் தாகம் தாங்காமல் செம்புத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்து, முற்றத்தில் துப்பிவிடுவார். துப்பும்போது நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

என் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்றேன். இரத்த வகை ஒன்றுதான். அப்புறம் கிராஸ் மேட்ச் என்று ஒரு பரிசோதனை. பாசிட்டிவ் என்று வந்தது. நான் சந்தோஷப்பட்டு வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன். டாக்டர் உட்காரவைத்து விளக்கிய பிறகுதான் தெரிந்தது, பாசிட்டிவ் என்றால் ஆச்சியின் இரத்தம் என் செல்களை எதிர்க்கிறது, முடியாது என்று அர்த்தம். மூன்று பிரசவம், இடையில் பலமுறை ஏற்றிய இரத்தம். அதனால் ஆச்சியின் உடம்பில் பிறர் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்புப் புரதங்கள், ஏராளமாக ஊறியிருந்தன. என்னுடையதை வைத்தால் மேஜையிலேயே கருத்துப்போகும் என்றார்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளையையே ஏற்காத இரத்தம் பன்றியை எப்படி ஏற்கும்? இத்தனை வருஷமாக நான் படித்துக்கொண்டிருப்பது இந்த ஒரு கேள்வியைத்தான்.

நம் ஊரில் புது முகம் ஒன்று வாசலில் வந்தால் என்ன கேட்போம்? எந்த ஊரு, எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை. எங்களுக்குள் குலத்தைக் கோயில் பெயரால்தான் சொல்வோம். இரத்தமும் அதையேதான் கேட்கிறது. பன்றியின் செல்களுக்கு மேலே ஆல்பா-கால் என்று ஒரு சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் செய்யும் மரபணு நமக்குள் எத்தனையோ லட்சம் வருஷங்களுக்கு முன்பே செயலற்றுப் போனது. ஆனால் நம் குடலில் வாழும் கிருமிகளிடம் அந்தச் சர்க்கரை உண்டு. அதனால் குழந்தைப் பருவத்திலேயே அதற்கு எதிரான ஆன்டிபாடி நம் இரத்தத்தில் தயாராகிவிடுகிறது. சாதாரணப் பன்றியின் சிறுநீரகத்தை இணைத்து இரத்தத்தைத் திறந்துவிட்டால், ஆன்டிபாடிகள் குழாய்ச் சுவரில் போய் ஒட்டும். காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் பின்னாலேயே வந்து செல்களில் துளை போடும். இரத்தம் உறையும். ரோஜா நிறத்தில் இருந்த உறுப்பு சில நிமிஷங்களில், மிஞ்சினால் சில மணி நேரத்தில், நீலம் பாரித்துச் செத்துப்போகும். 1997இல் அசாமில் டாக்டர் தனிராம் பருவா ஒரு இளைஞருக்குப் பன்றியின் இதயத்தை வைத்தார். ஏழு நாளில் அவர் இறந்தார். உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ் டாக்டர் சிறைக்குப் போனார். மரபணுவைத் திருத்தாத பன்றி அது.

திருத்துவது எப்படி? பன்றியின் தோல் செல் போன்ற ஒரு செல்லை எடுத்து, கிரிஸ்பர் என்ற மூலக்கூறுக் கத்தரியால் மரபணுவை வெட்டுகிறார்கள். அந்தச் செல்லின் உட்கருவை, உட்கரு நீக்கிய சினைமுட்டைக்குள் வைத்து, தாய்ப் பன்றியின் கருப்பையில் சேர்க்கிறார்கள். 1996இல் டாலி என்ற ஆட்டுக்குட்டி பிறந்த அதே வழி. மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் கழித்துக் குட்டி பிறக்கும்.

இப்போது அதிகம் பேசப்படும் பன்றியில் பத்துத் திருத்தங்கள். நம் இரத்தம் கண்டுபிடிக்கும் மூன்று சர்க்கரைகளுக்கான மரபணுக்களை அணைத்துவிட்டார்கள். அதாவது வேற்று ஊர் அடையாளத்தை அழிப்பது. நான்காவது, வளர்ச்சி ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் மரபணு. அதை அணைக்காவிட்டால் உறுப்பு பன்றியின் அளவுக்குப் பெருத்துக்கொண்டே போகும். மிச்சம் ஆறும் மனித மரபணுக்கள். காம்ப்ளிமென்டைத் தடுப்பவை சில, இரத்தம் கண்டபடி உறையாமல் பார்ப்பவை சில. எனக்கு மிகப் பிடித்தது ஒன்று உண்டு, அதன் பெயர் சிடி47. நம் செல்கள் எல்லாவற்றின் மேலும் இருக்கிறது. விழுங்க வரும் வெள்ளணுவிடம் "நான் வீட்டுப் பிள்ளை, விடு" என்று சொல்வதுதான் அதன் வேலை. நம் பக்கத்தில் பிள்ளை கூட்டும்போது, அதாவது தத்து எடுக்கும்போது, கோயிலின் குடும்பக் கணக்கான புள்ளியில் சேர்ப்போமே, அதைப் போல. ஆனாலும் முழு உறவாகிவிடாது. எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை விடாமல் சாப்பிடத்தான் வேண்டும்.

வேறொரு நிறுவனத்தின் பன்றியில் 69 திருத்தங்கள். அவற்றில் 59, பன்றியின் மரபணுவுக்குள்ளேயே பதுங்கியிருக்கும் வைரஸ்களை முடக்க. வைரஸ் பயம் வீண் பயமல்ல. 2022 ஜனவரியில் பால்டிமோரில் பன்றி இதயம் வைக்கப்பட்ட 57 வயதுக்காரர் இரண்டு மாதம் வாழ்ந்தார். அந்த இதயத்தில் பன்றியின் சைட்டோமெகலோ வைரஸ் ஒளிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

இங்கே ஒன்று சொல்லியே ஆகவேண்டும். நாளைக்கே யாராவது பணம் கட்டுங்கள், பன்றிச் சிறுநீரகம் வைக்கிறோம் என்றால் நம்பாதீர்கள். நடப்பவை எல்லாம் சோதனைகள். வீட்டில் பொருந்துகிறவர் இல்லாதவர்களுக்கு நம் மாநிலத்தில் இப்போது கைக்கு எட்டும் முக்கிய வழி, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானம்தான். 2023இலிருந்து அப்படித் தந்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. அந்த மரியாதையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

கடைசியாக ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் அலபாமாக்காரர். 1999இல் தன் தாய்க்கு ஒரு சிறுநீரகம் தந்தவர். மிச்சம் இருந்த ஒன்று பிரசவகாலச் சிக்கலில் பழுதாகி, 2016 முதல் டயாலிசிஸ். எங்கள் ஆச்சியைப் போலவே உடம்பு முழுக்க ஆன்டிபாடி. மனிதச் சிறுநீரகம் பொருந்துவது ஏறக்குறைய நடக்காத காரியம். 2024 நவம்பரில் நியூயார்க்கில் அவருக்குப் பத்துத் திருத்தம் செய்த பன்றியின் சிறுநீரகத்தை வைத்தார்கள். இடையில் ஒரு நோய்த்தொற்று. அதற்காக எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைக்க, எதிர்ப்பு தலைதூக்க, அடுத்த ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். 130 நாள்.

தோல்விதானே என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். ஆச்சிக்கு அந்த 130 நாள் கிடைத்திருந்தால், ஐம்பத்தைந்து முறை மதுரை பஸ் ஏறியிருக்க வேண்டாம். அந்த முற்றத்தில் நின்று, செம்புத் தண்ணீரைத் துப்பாமல் குடித்திருப்பார்.