நானுஓயாக் குளிர் வேறு, ஜேர்மனிக் குளிர் வேறு

நேயர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழகப் படிப்பின் நடுவே தொழிற்பயிற்சிக்கென்று சில மாதம் ஜேர்மனிக்குப் போகிற மலையகப் பிள்ளைகளும், அவர்களை அனுப்பிவைக்கிற பெற்றோரும் இதைக் கேட்டால் நல்லது.

"நானுஓயாவில் பிறந்த பிள்ளைக்குக் குளிர் புதுசா?" என்பார்கள். நம் ஊரில் வெளியே எவ்வளவு குளிரோ, லயத்துக்குள்ளும் ஏறக்குறைய அவ்வளவுதான். கம்பளிச் சட்டையும் சாயத்தண்ணியும் இருந்தால் சமாளித்துவிடலாம். அங்கே பனிக்காலத்தில் வெளியே பூச்சியத்துக்குக் கீழே போகும், அறைக்குள்ளோ 20 பாகை. வில்லங்கம் நடுவில் நிற்கிற சுவரில்தான்.

ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர் இருக்கும். அதன் திருகில் 1 முதல் 5 வரை இலக்கம். 3 என்றால் ஏறக்குறைய 20 பாகை, 5 என்றால் 28. சீக்கிரம் சூடாகட்டும் என்று 5இல் வைப்பார்கள். அதனால் சூடாகிற வேகம் ஏறாது, எந்தச் சூட்டில் நிற்க வேண்டும் என்பதைத்தான் அந்த இலக்கம் சொல்கிறது. 5இலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனால் ஏறுவது கட்டணம்தான்.

அடுத்தது சோறு. உலை கொதிக்கிற ஆவி முழுக்க அறையில் நிற்கும். உடுப்பும் உள்ளேதான் காயும். குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதில்லை. அந்த ஈரம் எங்கே போகும்? குளிர்ந்த வெளிச்சுவரில், அலுமாரிக்குப் பின்னால் வியர்த்து, கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். அறையைக் காலி செய்யும்போது வீட்டுக்காரர் அதை முற்பணத்தில் கழிக்கப் பார்ப்பார். மூன்று மாத வாடகை வரை முற்பணம் வாங்குகிற நாடு அது.

காலையில், வேலை விட்டு வந்ததும், படுக்குமுன் என்று மூன்று தடவை ஹீட்டரை அடைத்துவிட்டு, ஜன்னலை முழுசாகத் திறவுங்கள். 5 முதல் 10 நிமிடம் போதும். பிறகு மூடி, ஹீட்டரை 3க்குக் கொண்டுவாருங்கள். உறைகிற காற்றில் ஈரம் மிகக் குறைவு. உள்ளே வந்து சூடானதும் அறையின் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். கொஞ்ச நேரம்தான் என்பதால் சுவர் ஆறாது, காற்று மட்டும் மாறும். அங்குள்ள ஜன்னல்களை மேல்பக்கம் மட்டும் சாய்த்தும் வைக்கலாம். நாள் முழுக்க அப்படி வைத்தால் ஜன்னலைச் சுற்றிய சுவர் குளிர்ந்து, பூஞ்சணம் அங்கேயே வரும். திரும்பவும் சொல்கிறேன், சாய்த்து வைக்காதீர்கள். முழுசாகத் திறந்து மூடுங்கள். அலுமாரி சுவரை விட்டு நாலு விரல் தள்ளி நிற்கட்டும். பானைக்கு மூடி போடுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பனிக்காலத்தில் ஜேர்மனி நேரம் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை. தோட்டத்தில் பெரட்டுக்குப் போகுமுன் காலை 6 மணிக்கு அழைத்தால், டிசம்பரில் அங்கே நடுச்சாமம் 1.30. இரவு 10இலிருந்து காலை 6 வரை சத்தம் கூடாத நேரம் வேறு. பிள்ளை பேசினால் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார். ஞாயிறு பின்னேரம் நம் நேரத்தில் எடுங்கள். அன்று அங்கே கடைகள்கூட பெரும்பாலும் பூட்டு. அரிசி, பருப்பெல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பத்திர விஷயத்தை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். குடிபோய் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக்கடிதம் வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. காய்ச்சல் என்றால் வேலை தொடங்குமுன்பே அறிவியுங்கள். மூன்று நாளைத் தாண்டினால் டாக்டர் சான்று தேவை. முதல் நாளே கேட்கிற இடமும் உண்டு. படிப்பில் கட்டாயமாக உள்ள பயிற்சிக்கு அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பொருந்தாது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கிடைக்கும். டிக்கட் போடுமுன் அந்தத் தொகையையும் அறை வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பாருங்கள். வணக்கம்.