போர் வேண்டாம்னு சொல்றவங்க, எதிர்த்து நிக்கிறவங்களைப் பத்தி எப்படிப் பேசணும்?

அடுத்த கேள்வி குன்னூர்ல இருந்து வந்திருக்கு. "நாங்க போர் எதிர்ப்புக் கூட்டம் நடத்துறோம். எங்க பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருப்பாங்க, இல்லன்னா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில. 'போரே வேணாங்கிறீங்க, ஆனா அந்நியப் படையை எதிர்த்து துப்பாக்கி தூக்குறவனுக்கு மட்டும் பரிஞ்சு பேசுறீங்களே'ன்னு கேக்குறாங்க. என்ன பதில் சொல்றது?"

நேர்மையான கேள்விங்க. கேட்டவரை எதிராளியா நினைச்சுடாதீங்க.

மொதல்ல ஒரு வார்த்தைச் சிக்கல். நோட்டீஸ்ல வெறும் 'ஆக்கிரமிப்பு'ன்னு போட்டா, நம்ம மலையில ஜனங்களுக்கு புறம்போக்கு நிலமும் ஜேசிபியும்தான் கண்ணுல வரும். அதனால 'வெளிநாட்டுப் படை வந்து உக்காந்துக்கிட்டு ஆளுறது'ன்னு முழுசா சொல்லுங்க. போர் நடத்துறதுக்கு நாடுகள் ஒத்துக்கிட்ட 1907 ஹேக் விதிகளோட 42-வது பிரிவும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது: ஒரு பகுதி எதிரிப் படையோட அதிகாரத்துக்குள்ள நடைமுறையில வந்துட்டா, அது ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி. 2003-ல ஈராக்குல அமெரிக்காவும் பிரிட்டனும் அந்த நிலையிலதான் இருக்காங்கன்னு ஐ.நா. பாதுகாப்பு சபையோட 1483-வது தீர்மானமே குறிச்சிருக்கு.

உங்ககிட்ட கேக்குற அந்த ஒரு கேள்விக்குள்ள மூணு கேள்வி கலந்து கிடக்கு. அந்தப் படை அங்க இருக்கலாமா? எதிர்க்க அந்த ஜனங்களுக்கு உரிமை உண்டா? எதிர்க்கிறவங்க செய்யுற எல்லாமே சரியா? மூணுக்கும் ஒரே பதில் சொல்லப் போனீங்கன்னா மாட்டிக்குவீங்க. முதல் ரெண்டுல உறுதியா நின்னுக்கிட்டே, மூணாவதுல ஒவ்வொரு செயலையும் தனித்தனியா எடை போடலாம். சட்டமும் இதைப் பிரிச்சுதான் பாக்குது.

இதுக்கு ஈராக் வரைக்கும்கூட போக வேணாம். கேத்தி இருக்குல்ல, ஊட்டி ரயில் போற வழியில? 1901-02 வாக்குல, தென்னாப்பிரிக்காவுல தங்களை எதிர்த்துப் போர் செஞ்ச போயர்களை (அங்க குடியேறின டச்சு வம்சாவளி வெள்ளைக்காரங்களை) கைதியாப் பிடிச்சு பிரிட்டிஷ்காரங்க அங்கேயும் வெலிங்டன்லயும் முகாம் போட்டு அடைச்சு வெச்சிருந்தாங்க. அதே நேரத்துல தென்னாப்பிரிக்காவுல போயர்களோட பண்ணை வீடுகளை எரிச்சு, பொம்பளைங்களையும் பிள்ளைங்களையும் முகாமுக்கு ஓட்டிட்டுப் போனாங்க. அதுல செத்த போயர் பெண்களும் குழந்தைகளும் மட்டும் சுமார் 26,000 பேர்.

அந்தக் கொடுமையை பிரிட்டன்ல எடுத்துச் சொன்னது எமிலி ஹாப்ஹவுஸ்ங்கிற இங்கிலாந்துக்காரம்மா. அவங்க பேசின விதத்தைக் கவனிங்க. போயர் குடியரசோட பெருமையிலிருந்து அவங்க ஆரம்பிக்கல. 1901 ஜனவரியில புளூம்ஃபான்டைன் முகாமுக்கு நேர்ல போய், சோப்பு கொடுக்கலை, தண்ணி பத்தலை, விறகு பத்தலை, ஒரு கூடாரத்துல எத்தனை பேரை அடைச்சிருக்காங்கன்னு ஒண்ணொண்ணா எழுதினாங்க. 'போர்னா நாலு பேர் சாகத்தான் செய்வாங்க'ன்னு சொல்றவராலகூட சோப்பு இல்லாத முகாமுக்கு நியாயம் சொல்ல முடியாதுங்க. தேசத்துரோகின்னு ஏசினாங்க, அதே வருஷம் அக்டோபர்ல கேப் டவுன்ல இறங்க விடாமத் திருப்பி அனுப்பினாங்க. ஆனா அவங்க கிளப்பின பேச்சுலதான் அரசாங்கம் விசாரணைக் குழு போட வேண்டி வந்துச்சு.

இன்னொரு பாதியையும் சொல்லாம விடக்கூடாது. போயர்கள் கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை கொடுக்காதவங்க. கறுப்பினத்தவங்களுக்குன்னு தனி முகாம்கள் இருந்துச்சு, அங்க பதிவான சாவு மட்டுமே 14,000-க்கு மேல. 'எரிச்சது அநியாயம்'னு சொல்றதால போயர் ஆட்சி நல்லதுன்னு ஆயிடாது. எதிர்க்கிற அமைப்போட கொடியை நாம பிடிக்கணும்னு கட்டாயம் இல்ல. இதை நீங்களே முந்திச் சொல்லிடுங்க. அடுத்தவர் சொல்லி நீங்க ஒத்துக்கிட்டா, மறைச்சு வெச்சிருந்ததா ஆயிடும்.

அதிகமாச் சறுக்குற இடம் 1982-ல ஐ.நா. பொதுச்சபை போட்ட 37/43 தீர்மானம். அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து 'ஆயுதப் போராட்டம் உட்பட எல்லா வழியிலும்' போராடலாம்னு ஒரு வரி வரும். அதை மட்டும் படிச்சுட்டு நிறுத்திடுவாங்க. எல்லா வழியும்னா பஸ்ல குண்டு வைக்கலாம்னு அர்த்தம் இல்ல. போர்ல என்ன செய்யக் கூடாதுன்னு சொல்ற ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977-ல வந்த கூடுதல் நெறிமுறை, அந்நிய ஆதிக்கத்தை எதிர்க்கிற போராட்டத்தையும் தன் வரம்புக்குள்ள எடுத்துக்கிட்டு, அதே கையோட சாதாரண ஜனங்களைக் குறிவெக்கக் கூடாதுன்னு ரெண்டு தரப்பையும் கட்டுது. போர்ல சாதாரண ஜனங்களைக் காக்குற 1949 நாலாவது ஜெனீவா ஒப்பந்தத்தையும் கையில வெச்சுக்குங்க: 33-வது பிரிவுப்படி ஒருத்தன் செஞ்சதுக்கு ஊரையே தண்டிக்கக் கூடாது, 49-வது பிரிவுப்படி பிடிச்ச நிலத்துல தன் ஜனங்களைக் குடியேத்தக் கூடாது. பட்டாளத்துல இருந்தவங்களுக்கு இதெல்லாம் புதுசு இல்ல, ராணுவப் பயிற்சியில வர்ற விஷயந்தான்.

எதிர்ப்புன்னாலே துப்பாக்கின்னு நினைக்கிறவங்களுக்கு, அப்போ ஜெர்மன் நாஜிப் படை பிடிச்சு வெச்சிருந்த நார்வேயைச் சொல்லுங்க. 1942-ல நாஜி ஆசிரியர் சங்கத்துல சேர மாட்டோம்னு ஆயிரக்கணக்கான வாத்தியாருங்க ஒரே வாசகத்துல கடிதம் எழுதினாங்க. ஆயிரத்துக்கும் மேல கைதாகியும் அசையல. அந்தச் சங்கம் கடைசி வரைக்கும் நடக்கல.

நம்ம ஊர்ல கட்டாயம் வர்ற இன்னொரு கேள்வி, 1987-ல இந்தியப் படை இலங்கைக்குப் போனது. கூடலூர், கோத்தகிரியில தாயகம் திரும்பின குடும்பங்க எவ்வளவு இருக்கு, தட்டிக் கழிக்க முடியாது. ரெண்டு அரசும் போட்ட ஒப்பந்தத்துலதான் படை போச்சு. அதனால முதல் கேள்விக்குப் பதில் ஈராக் மாதிரி இருக்காது. ஆனா மூணாவது கேள்வி அங்கயும் அப்படியே நிக்குது. யாழ்ப்பாணத்துல செத்த ஜனங்களையும், அங்க போய் உயிரை விட்ட ஜவான்களையும் ஒரே பேச்சுல, ரெண்டு பேருக்கும் மரியாதையோட சொல்லணும்.

பேசுறது இருபது நிமிஷத்தைத் தாண்ட வேணாம். அந்நியப் படை உக்காந்திருக்கிற ஊர்ல தண்ணி, சோதனைச் சாவடி, ஆஸ்பத்திரி எப்படி இருக்குங்கிறதுக்குப் பாதி நேரம் கொடுங்க, சட்டத்துக்கு அஞ்சு நிமிஷம் போதும். மிச்சத்துல நம்ம அரசாங்கத்துக்கு அந்தப் போர்ல ஆயுத வியாபாரம் மாதிரி என்ன பங்கு இருக்குன்னு சொல்லுங்க. ஃபேக்டரியில வேலை செய்யுறவங்களைக் குத்திக் காட்டாதீங்க. என்ன செய்யணும், யாருக்கு விக்கணும்னு முடிவு பண்றது அவங்க இல்ல. கேள்விக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, முதல் கேள்வியை ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருத்தர்கிட்ட விடுங்க.