இளமரம் வளையாகுமா?

நேயர்களுக்கு வணக்கம். முதிரைக் கதவு, தேக்கு யன்னல் என்றால் மட்டக்களப்பில் மரியாதையே தனி. யூக்கலிப்டஸ் என்றால் விறகு நினைவுதான் வரும். அந்த விறகு மரம் இளசாக வெட்டப்பட்டாலும் வளையாகுமா, அதாவது கூரைப் பாரம் தாங்கும் உத்தரமாகுமா என்று பேசத்தான் இன்றைக்கு நான் வந்திருக்கிறேன்.

ஏறாவூர்ப் பக்கம் ஒரு மரக்காலையில் யூக்கலிப்டஸ் குற்றி அறுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாள் பாதிதான் போயிருக்கும். இரண்டு பக்கமும் தானாகவே விலகி, நுனி படாரென்று வெடித்தது. அறுத்தவருக்கு வாள் மேல் கோபம், பெல்ட் மேல் கோபம், கடைசியில் பார்த்துக்கொண்டு நின்ற என் மேலும் கோபம். "காக்கா, வாள் சரி. மரம்தான் உள்ளுக்குள் இழுபட்டு நிற்கிறது" என்றேன். "அப்ப இது மரமில்லை தம்பி, பேய்" என்றார். பேயில்லை. வளரும்போதே தண்டின் வெளிப்பக்கம் இழுவிசையிலும் உள்பக்கம் அமுக்கத்திலும் இருக்கும். அறுத்தால் அந்தக் கட்டு அவிழ்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. எந்த மரமானாலும் முதல் சில வருடங்களில் நடுவில் விளையும் மரத்தில், கலச் சுவரின் நுண்ணிழைகள் சரிவாகச் சுற்றியிருக்கும். அதனால் விறைப்பு குறைவு. காயும்போது நீளவாக்கிலும் சுருங்கும், பலகை முறுகும். பழைய தேக்கிலும் இந்த நடுமரம் உண்டு, ஆனால் சிறு பங்குதான். கெதியாக வளர்த்துக் கெதியாக வெட்டினால் பெரும்பகுதி அதுவாகிவிடுகிறது. குற்றம் மரத்தின் சாதியில் இல்லை, வயதில்.

சரி, அந்த இளமரத்தை மெல்லிய பலகையாக அறுத்து, காயவைத்து, கணுவை வெட்டி எறிந்து, ஒட்டி அடுக்கினால்? 1906 இலேயே ஜெர்மனியில் ஓட்டோ ஹெட்ஸர் இப்படி ஒட்டிய வளைந்த வளைக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். இதில் சராசரிப் பலம் பெரிதாகக் கூடிவிடாது. ஆனால் தப்பிப்போன ஒரு கணு ஒரு அடுக்கில் மட்டும் நிற்கும், பக்கத்து அடுக்குகள் பாரத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே மிக மோசமான துண்டுகூட அவ்வளவு மோசமாக இராது. கூரை கணக்கிடுகிறவர் சராசரியை நம்புவதில்லை. மோசமான துண்டைத்தான் பார்ப்பார். 1978 சூறாவளியைக் கண்ட ஊருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாய்க்காலுக்குக் குறுக்கே பலகையைப் படுக்கப் போட்டால் வளைகிறது, நிறுத்திப் போட்டால் அசையாது. உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. இரண்டு மடங்கில்லை, எட்டு! வளை வளையும்போது மேல்முகம் அமுங்கும், கீழ்முகம் இழுபடும், நடுவுக்கு அதிக வேலையில்லை. ஆகவே நல்ல பலகையை மேலும் கீழும் வையுங்கள். அல்பீசியா போன்ற மெதுமரம் நடுவில் கிடக்கட்டும். திரும்பவும் சொல்கிறேன், நல்லது மேலும் கீழும்.

நேரம் முடிகிறது என்று தங்கை கை காட்டுகிறா. நீண்ட காலப் பாரத்தில் வளை மெல்லத் தொய்வது பற்றிப் பேச இருந்தேன், இன்றைக்கு முடியாது. பசையை மட்டும் சொல்லிவிடுகிறேன்: யூரியா பசை நமது மாரி ஈரத்தில் விட்டுக்கொடுத்துவிடும், வீட்டுக்குள் அலுமாரிக்குப் போதும். வெளியிலும் கூரையிலும் பீனால் அல்லது ரிசோர்சினால் பசை போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அந்தப் பலகையைக் கூரைக்கு எடுக்காதீர்கள். வணக்கம்.